ஓய்வுக்காலத்தில் ஒரு பழைய பென்ஸ்: டபிள்யூ124 வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பணி ஓய்வுப் பணம் கைக்கு வந்ததும், வேலையில் இருந்தபோது தூரத்தில் நின்று பார்த்த காரை வாங்கி வாசலில் நிறுத்திப் பார்க்கும் ஆசை பலருக்கு வருகிறது. நல்ல ஆசைதான். தமிழ்நாட்டில் அந்த ஆசைக்குப் பெரும்பாலும் மெர்சிடிஸ் பென்ஸ் டபிள்யூ124 என்ற பழைய இ-கிளாஸ் காரின் முகம் இருக்கிறது. பென்ஸ் நிறுவனம் இந்தியாவில், புனேயில், 1995-ல் ஒன்றுசேர்க்கத் தொடங்கிய முதல் கார் இதுதான். இங்கே உள்ள பதில்கள் அந்த வண்டியைப் பற்றியவை.

இங்கே கிடைப்பது எந்த என்ஜின்கள்?

இரண்டு. இ220 என்பது 2,199 சிசி, நான்கு சிலிண்டர் பெட்ரோல். எம்111 என்ஜின், 150 குதிரைத்திறன். இ250 டீசல் என்பது 2,497 சிசி, ஐந்து சிலிண்டர். ஓஎம்605 என்ஜின், 113 குதிரைத்திறன், டர்போ கிடையாது. வெளிநாட்டிலிருந்து முழு வண்டியாக இறக்குமதியானவையும் ஆங்காங்கே விற்பனைக்கு வரும். அவற்றின் ஆர்சியில் ‘இறக்குமதி’ என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் பல மடங்காகும். கணக்கு கீழே வருகிறது.

இதைவிடப் புதிய இ-கிளாஸே இதே விலைக்குக் கிடைக்கிறதே, அதை வாங்கினால் என்ன?

கிடைக்கும். அதுதான் பொறியும். அடுத்து வந்த டபிள்யூ210-ல் துரு அதிகம். கடலோர ஊர் வண்டி என்றால் இன்னும் மோசம். அதற்கும் அடுத்த டபிள்யூ211-ல், 2006 மாற்றத்துக்கு முந்தைய வண்டிகளில் பிரேக்கே மின்னணு முறையில் இயங்குவது. எஸ்பிசி என்ற அந்தப் பம்ப், பிரேக் மிதித்த எண்ணிக்கையைக் கணக்கு வைத்திருக்கும். எண்ணிக்கை தீர்ந்ததும் சிவப்பு எச்சரிக்கை வரும். பம்பையே மாற்ற வேண்டும். ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டி என்றால் அதன் பைகளும் கம்ப்ரஸரும் தனிச் செலவு. டபிள்யூ124-ல் இந்தத் தொல்லைகள் இல்லை. கம்ப்யூட்டர் அதிகம் இல்லாத வண்டி. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த நல்ல மெக்கானிக் ஒருவர் இருந்தால் போதும்.

பெட்ரோலா, டீசலா?

ஊருக்குள் கோயில், கடை, மருத்துவமனை என்று மாதம் 300 கிலோமீட்டர் ஓட்டப்போகிறவருக்குப் பெட்ரோல். சத்தம் குறைவு, இழுவை அதிகம். சென்னை நெரிசலில் லிட்டருக்கு 7, 8 கிலோமீட்டர்தான் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி வெளியூர் போகிறவருக்கு டீசல். மெதுவாகத்தான் வேகமெடுக்கும், மேம்பாலம் ஏறும்போது ஏசி போட்டால் அது தெரியும். ஆனால் பராமரித்த ஓஎம்605 பல லட்சம் கிலோமீட்டர் தாங்கும்.

எங்கள் எண்ணம்: எரிபொருளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டில் எது நன்றாகப் பராமரிக்கப்பட்டுப் பில்லோடு கிடைக்கிறதோ, அதை எடுங்கள்.

எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும்?

காருக்கென்று வைத்திருக்கும் தொகையை மூன்று பங்காக்குங்கள். இரண்டு பங்குக்குள் வண்டி. மூன்றாவது பங்கு முதல் வருட வேலைகளுக்கு. அதைத் தொடாமல் வங்கியில் வையுங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று உடைந்த வண்டியை எடுத்து ‘மெல்ல மெல்லச் செய்துகொள்ளலாம்’ என்பவர்கள், நல்ல வண்டியின் விலையைவிட அதிகமாகச் செலவழித்தபின்னும் ஷெட்டிலேயே விட்டுவைத்திருப்பார்கள். ஓய்வூதியத்தில் வாழ்பவர் இதற்குக் கடன் வாங்கவே கூடாது.

வாங்கும் முன் எப்படிப் பார்ப்பது?

வண்டியை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிட்டு, காலையில் போங்கள். போனதும் பானெட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிக் கிளம்பலாம். குளிர்ந்த என்ஜின் மறைக்காத குறைகளைச் சூடான என்ஜின் மறைத்துவிடும்.

ஸ்டார்ட் செய்யும்போது புகையைப் பாருங்கள். டீசலில் சில விநாடி வெள்ளைப் புகையும் நடுக்கமும் வந்தால் ஒன்றிரண்டு ஹீட்டர் பிளக் போயிருக்கலாம். அது சிறிய விஷயம். நீலப்புகை நிற்காமல் வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது.

ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் ஆயில் பிரஷர் முள் ஒன்று 0 முதல் 3 வரை காட்டும். குளிரில் 3-ல் நிற்கும். அரை மணி ஓட்டி, என்ஜின் நன்றாகச் சூடானபின் ஐடிலில் அது இறங்குவது இயல்பு, 0.3-க்குக் கீழே போகக்கூடாது. ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்ததும் உடனே 3-க்கு ஏற வேண்டும். தயங்கித் தயங்கி ஏறினால் விட்டுவிடுங்கள்.

ஆட்டோமேட்டிக் என்றால், பிரேக்கில் கால் வைத்தபடி ரிவர்ஸ் போடுங்கள். ஓரிரு விநாடியில் பிடிக்க வேண்டும். அதற்கு மேல் காத்திருக்க வைத்தால் கியர்பாக்ஸ் வேலை காத்திருக்கிறது. டிப்ஸ்டிக்கில் ஆயில் சிவப்பாக இருக்க வேண்டும். கறுத்து, கருகிய வாசனை வந்தால் கிளட்ச் தட்டுகள் தேய்ந்திருக்கும்.

டீசல் வண்டிக்கு, சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று பார்க்கும் கம்ப்ரஷன் சோதனை செய்யாமல் முன்பணம் தராதீர்கள். நல்ல என்ஜினில் 26 முதல் 32 பார் வரை இருக்கும். 18-க்குக் கீழே எந்தச் சிலிண்டர் வந்தாலும் அந்த வண்டி வேண்டாம். சிலிண்டருக்குச் சிலிண்டர் 3 பாருக்கு மேல் வேறுபட்டாலும் காரணம் கேளுங்கள்.

கடைசியாக, லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். பக்கவாட்டு பிளாஸ்டிக் பட்டைக்குப் பின்னால் ஜாக் வைக்கும் இடங்கள், முன் மட்கார்டின் உள்பக்கம், பேட்டரித் தட்டு, பின்கண்ணாடியின் கீழ் மூலைகள், டிக்கித் தரை: துரு முதலில் குடியேறுவது இங்கேதான். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பார்த்தால் நல்ல தகடு ‘டங்’ என்னும். துருப்பிடித்ததும் புட்டி பூசியதும் மந்தமாக ஒலிக்கும். பெயிண்ட் மங்கியிருப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். புதுப் பெயிண்ட் பளபளக்கும் வண்டியிடம்தான் ஜாக்கிரதை.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்று கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் தண்ணீருக்குள் நின்றன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கோடு அங்கேதான் தங்கும், அதைக் கழுவ யாருக்கும் தோன்றாது. சீட்டின் தண்டவாள போல்ட்டுகளில் துரு, ஸ்டெப்னி குழியில் மெல்லிய வண்டல், கார்ப்பெட்டுக்குக் கீழே உள்ள பஞ்சில் ஈர நாற்றம்: இவற்றில் இரண்டு இருந்தாலே வேண்டாம். வயரிங் இணைப்புகளில் பச்சை பூத்தால் அடுத்த ஐந்து வருடமும் ஒவ்வொன்றாகக் கெடும்.

எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தால் வாங்கலாம்?

அந்த எண்ணை அதிகம் நம்பாதீர்கள். இந்த வண்டியில் ஓடோமீட்டரின் சிறிய பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்து, எண் அப்படியே நின்றுவிடுவது சகஜம். அதோடு, முப்பது வருடப் பழைய வண்டியில் ஓட்டத்தைவிட வெயில்தான் அதிகம் தின்றிருக்கும்: ரப்பர், பிளாஸ்டிக், வயர் உறை. பத்து வருடம் நிழலில் சும்மா நின்ற 60,000 கிலோமீட்டர் வண்டியைவிட, வாரந்தோறும் ஓடி வருடந்தோறும் ஆயில் மாற்றிய 2,50,000 கிலோமீட்டர் வண்டி நல்லது.

ஆர்சி, எஃப்சி விவகாரம் எப்படி?

பதிவான நாளிலிருந்து 15 வருடம் வரை ஆர்சி செல்லும். பிறகு ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 1996-ல் பதிவான வண்டி என்றால் 2011, 2016, 2021, 2026 என்று கணக்கு. படிவம் 25-ஐ நிரப்பி, வண்டியை ஆர்டிஓவில் காட்டி, தகுதிச் சோதனையில் தேற வேண்டும். பசுமை வரியும் கட்ட வேண்டும். 2025 ஆகஸ்ட் அறிவிப்பின்படி, 20 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய். இறக்குமதிக் கார் என்றால் 80,000 ரூபாய். புனேயில் ஒன்றுசேர்த்த வண்டிக்கும் இறக்குமதி வண்டிக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் உறைக்கும்.

காலாவதியான ஆர்சியோடு ‘பேப்பர் பிறகு செய்துகொள்ளலாம் சார்’ என்று வரும் வண்டியை, விற்பவரே புதுப்பித்துக் கொடுத்தால் மட்டும் எடுங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. பழைய வங்கிக் கடன் ஆர்சியில் நின்றால் படிவம் 35. வெளிமாநில வண்டி என்றால் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று. வெளிமாநில வண்டிக்குத் தமிழ்நாட்டில் மறுபடி சாலை வரி கட்ட வேண்டியிருக்கும். அதைக் கூட்டிய பிறகே விலை பேசுங்கள். ‘விண்டேஜ் பதிவு வாங்கிவிடலாம்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தப் பிரிவு 50 வருடம் கடந்த வண்டிகளுக்கு மட்டும்.

வாங்கிய முதல் மாதத்தில் என்னென்ன மாற்ற வேண்டும்?

முந்தையவர் என்ன சொன்னாலும் எல்லாத் திரவங்களையும் மாற்றுங்கள். அதுதான் உங்கள் கணக்கின் முதல் பக்கம். என்ஜின் ஆயில் இ220-க்கு 5.8 லிட்டர், டீசலுக்கு 7 லிட்டர். நம் வெயிலுக்கு 15டபிள்யூ-40 போதும், ஃபில்டரோடு. பிறகு வருடத்துக்கு ஒருமுறை, அல்லது 7,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை. எது முதலில் வருகிறதோ அது. பிரேக் ஆயில் டாட் 4, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் கொதிநிலை இறங்கி, மலைப்பாதையில் பெடல் அடிவரை போகும்.

ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலை மாற்றும்போது பல ஷெட்டுகளில் அடித்தட்டான சம்ப்பை மட்டும் வடித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டரிலும் ஒரு வடிகால் போல்ட் இருக்கிறது. என்ஜினைக் கையால் சுற்றினால் அது கீழே வரும். அதையும் கழற்றினால்தான் பழைய ஆயில் முழுதும் இறங்கும். ஃபில்டரும் பான் கேஸ்கெட்டும் புதிது போட வேண்டும். 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை.

டயர் 195/65 ஆர்15. பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். பட்டன் ஆழமாக இருந்தாலும் ஆறேழு வருடம் தாண்டியதை மாற்றிவிடுங்கள். இந்த வண்டியின் எடை ஏறத்தாழ 1,400 கிலோ. வெடிப்பு விட்ட டயரோடு இதை நெடுஞ்சாலையில் ஓட்டக்கூடாது.

நெரிசலில் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது. பயப்பட வேண்டுமா?

மே மாதத்தில், ஏசியோடு, சிக்னலில் 100 டிகிரி வரை போவது இயல்பு. துணை மின்விசிறி சுழன்றதும் இறங்க வேண்டும். 110-ஐத் தாண்டினால் ஓரங்கட்டி நிறுத்துங்கள். ‘வீடு இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான்’ என்று ஓட்டுவதுதான் என்ஜினின் அலுமினிய ஹெட்டை வளைக்கிறது.

காரணங்கள் மூன்று. முதலாவது, முன்னால் உள்ள விஸ்கஸ் ஃபேன் கிளட்ச் தளர்வது. சூடான என்ஜினை அணைத்ததும் ஃபேன் பல சுற்று சும்மா சுற்றினால் அது போய்விட்டது. இரண்டாவது, போர் தண்ணீர். கூலன்ட் குறையும்போது குழாயடியில் பிடித்து ஊற்றிய உப்புத் தண்ணீர், ரேடியேட்டர் குழாய்களில் கெட்டிலில் படிவதுபோல் படிந்திருக்கும். நீலக் கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி. வேறு எதுவும் ஊற்றாதீர்கள். மூன்றாவதுதான் அபாயமானது: ரேடியேட்டரின் மேல் ஹோஸ் மாட்டும் பிளாஸ்டிக் கழுத்து. வயதாகி இறுகி, ஒருநாள் ஓட்டத்திலேயே முறியும். சில நிமிடத்தில் தண்ணீர் முழுதும் போய்விடும். ரேடியேட்டர் எப்போது மாற்றியது என்று பில் இல்லையென்றால், அது ஒழுகக் காத்திராமல் மாற்றிவிடுங்கள்.

இ220 மிஸ்ஸிங் அடிக்கிறது. பிளக் மாற்றியும் சரியாகவில்லை.

வயரிங்கைப் பாருங்கள். அந்த ஆண்டுகளில் வந்த எம்111 என்ஜின் ஹார்னஸின் (வயர்க் கட்டின்) வயர் உறை, சூட்டில் முறுக்குபோல் நொறுங்கும் தன்மையது. கனெக்டருக்கு அருகில் ரப்பர் மூடியைப் பின்னால் தள்ளி, ஒரு வயரை லேசாக வளையுங்கள். உறை பொடியாக உதிர்ந்தால் அதுதான் நோய். இரண்டு வயர் ஒட்டிக்கொண்டு, கம்ப்யூட்டர் பெட்டியையே எரித்துவிடும். துண்டு துண்டாக டேப் சுற்றுவது பயனில்லை. முழு ஹார்னஸையும் புதிதாகப் போட வேண்டும், அல்லது சூடு தாங்கும் சிலிக்கான், டெஃப்லான் வயரில் திறமையான எலக்ட்ரீஷியனைக் கொண்டு கட்ட வேண்டும். த்ராட்டில் ஆக்சுவேட்டருக்குள் போகும் வயரும் அதே ரகம், அதை மறந்துவிடுகிறார்கள். வாங்கும்போதே இதைச் சோதியுங்கள்.

டீசல் வண்டி காலையில் ஸ்டார்ட் ஆக நேரமாகிறது.

டீசல் பம்புக்குப் போகும் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாய்களைப் பாருங்கள். உள்ளே காற்றுக் குமிழி ஓடினால், குழாய் முனைகளில் உள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையங்கள் இறுகிவிட்டன. இரவில் டீசல் பின்வாங்கி, காற்று புகுந்திருக்கிறது. எல்லா ஓ-ரிங்கையும் ஒரே நாளில் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் அடுத்த மாதம் அடுத்தது விடும்.

குமிழி இல்லையென்றால் ஹீட்டர் பிளக். ஐந்து உண்டு, மீட்டரில் ஒரு ஓமுக்குள் காட்ட வேண்டும். கழற்றும்போது அவசரப்பட்டால் கரி பிடித்த பிளக் ஹெட்டுக்குள்ளேயே முறியும். முந்தைய நாள் துரு நீக்கும் எண்ணெய் விட்டு, என்ஜினைச் சூடாக்கி, பொறுமையாகத் திருப்ப வேண்டும்.

சாவியை எடுத்தபின்னும் டீசல் என்ஜின் ஓடுகிறதே!

இந்த என்ஜினை அணைப்பது வேக்குவம், அதாவது காற்றை உறிஞ்சும் விசை. கதவுப் பூட்டுகளும் அதே வேக்குவத்தில் இயங்குவதால், ஒரு கதவுக்குள் டயஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு கிழிந்தால்கூட என்ஜின் அணையாது. அந்த நேரத்துக்கு, பானெட்டைத் திறந்து டீசல் பம்பில் ‘ஸ்டாப்’ என்று எழுதிய நெம்புகோலை அழுத்தினால் நிற்கும். கூடவே வேக்குவம் பம்பையும் சோதிக்கச் சொல்லுங்கள். அதன் பேரிங் உடைந்தால் குண்டுகள் டைமிங் செயினுக்குள் விழுந்து என்ஜினையே அழிக்கும். மாற்றியதற்குப் பில் இல்லையென்றால் கழற்றிப் பார்ப்பதுதான் மலிவு.

ஏசி காற்று வருகிறது, குளிர் இல்லை. கேஸ் போட்டால் ஒரு மாதம்தான் நிற்கிறது.

மாதாமாதம் கேஸ் போடுவதை நிறுத்துங்கள். சாயம் கலந்து கசிவைத் தேடச் சொல்லுங்கள். வெளியே எங்கும் தெரியவில்லையென்றால், டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டர்தான். அதற்கு டேஷ்போர்டை முழுதும் இறக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் வேலை, கூலிதான் பெரிய செலவு. இறக்கிய நேரத்திலேயே எக்ஸ்பான்ஷன் வால்வையும் ட்ரையரையும் மாற்றிவிடுங்கள். கேஸ் ஆர்134ஏ, ஏறத்தாழ 950 கிராம். எடை பார்த்து நிரப்பும் கடைக்கே போங்கள். வாங்கப் பார்க்கும் வண்டியில் ‘கேஸ் மட்டும்தான் சார் இல்லை’ என்று சொன்னால், எவாப்பரேட்டர் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

வைப்பர் ஒன்றுதானே இருக்கிறது, போதுமா?

ஒன்றே நீண்டும் குறுகியும் அசைந்து கண்ணாடியில் 86 சதவீதம் துடைக்கும். ஆனால் அதன் பல்சக்கரப் பெட்டியில் கிரீஸ் காய்ந்தால் திணறி மோட்டார் எரியும். ஐப்பசிக்கு முன் கழற்றிக் கிரீஸ் வையுங்கள்.

பள்ளத்தில் ‘டக் டக்’ சத்தம், கியர் மாற்றும்போது ஓர் உதை.

முன்பக்கச் சத்தம் என்றால் லோயர் பால் ஜாயின்ட், கன்ட்ரோல் ஆர்ம் புஷ். பின்னால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஐந்து ஆர்ம். எது ஆடுகிறது என்று கடப்பாரை வைத்து அசைத்துப் பார்த்து மாற்ற வேண்டும், எல்லாவற்றையும் அல்ல. உதைக்குக் காரணம், பின்சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோகும் புரப்பெல்லர் ஷாஃப்டின் இரண்டு முனையிலும் உள்ள ரப்பர் டிஸ்க். அதில் வெடிப்பு தெரிந்தால் உடனே மாற்றுங்கள். வேகத்தில் அறுந்தால் ஷாஃப்ட் அடித்தளத்தைக் கிழிக்கும். ஐடிலில் ஸ்டீயரிங் நடுங்கினால் என்ஜின் மவுண்ட் உட்கார்ந்துவிட்டது.

பாகங்கள் எங்கே வாங்குவது?

பென்ஸ் பெட்டியில் வருவதைப் பல நேரம் அதே தரத்தில் அதன் மூல உற்பத்தியாளரின் பெட்டியிலும் வாங்கலாம்: புஷ், பால் ஜாயின்ட்டுக்கு லெம்ஃபோர்டர், ஷாக்கருக்கு சாக்ஸ், ரேடியேட்டருக்கு பெஹ்ர், ஹீட்டர் பிளக்குக்கு பெரு, ஃபில்டருக்கு மான். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் விசாரியுங்கள். கதவுக் கைப்பிடி, விளக்கு, டிரிம் போன்றவற்றுக்குப் புதுப்பேட்டை. பிரேக், ஸ்டீயரிங், பால் ஜாயின்ட் ஆகியவற்றைப் பழையதாக ஒருபோதும் வாங்காதீர்கள்.

ஆறு மாதம் அமெரிக்காவில் பிள்ளைகளிடம் போகிறோம். வண்டியை என்ன செய்வது?

போவதற்கு முந்தைய வாரம் என்ஜின் ஆயிலை மாற்றுங்கள்; பழைய ஆயிலில் உள்ள அமிலம் பேரிங்கை அரிக்கும். டேங்கை முழுதும் நிரப்புங்கள், 70 லிட்டர். வெற்றிடம் இருந்தால் ஈரம் படியும். டயரில் காற்று 40 பிஎஸ்ஐ. ஹேண்ட்பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். போட்டால் பின்சக்கரத்துக்குள் இருக்கும் சிறிய லைனிங் ஒட்டிக்கொள்ளும். ரேடியோவின் ரகசிய எண்ணைக் குறித்துவைத்தபின் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். துணி உறை போதும். பிளாஸ்டிக் உறை ஈரத்தைப் பூட்டிவைக்கும்.

எலிதான் பெரிய எதிரி. காற்று உறிஞ்சும் வாயையும் சைலன்ஸர் முனையையும் கம்பிவலையால் அடைத்து, அடைத்ததை ஒரு சீட்டில் எழுதி ஸ்டீயரிங்கில் ஒட்டுங்கள். பக்கத்து வீட்டாரிடம் ‘வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி வையுங்க’ என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். ஐந்து நிமிடத்தில் என்ஜின் சூடாகாது. எரிந்த பெட்ரோலின் நீராவி ஆயிலிலும் சைலன்ஸரிலும் தங்கித் துருப்பிடிக்கும். ஓட்டினால் அரை மணி நேரம் சாலையில் ஓட்ட வேண்டும். இல்லையென்றால் தொடாமல் விட வேண்டும். ஊரில் இருக்கும்போதும் இதே விதி: வாரம் ஒருமுறை, 30, 40 நிமிடம்.

இ20 பெட்ரோல் இந்த வண்டிக்கு ஒத்துக்கொள்ளுமா?

இ20 என்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இது அதற்காகச் செய்த வண்டி அல்ல. எத்தனால் பழைய ரப்பர் ஹோஸை ஊதவைத்து வெடிக்கவிடும். டேங்க் அருகிலும் என்ஜின் அருகிலும் உள்ள எரிபொருள் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். முதல் சில டேங்கில் பழைய அழுக்கு கரைந்து வருவதால் ஃபில்டரை ஒருமுறை கூடுதலாக மாற்றுங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் அன்றே பாருங்கள்.

முழங்கால் வலி உள்ளவர் ஏறி இறங்க முடியுமா?

வாங்கும் முன் கணவனும் மனைவியும் ஓட்டுநர் சீட்டிலும் பின்சீட்டிலும் மூன்றுமுறை ஏறி இறங்கிப் பாருங்கள். இது தாழ்வான செடான். இன்றைய உயரமான கார்களுக்குப் பழகியவருக்குக் கஷ்டமாக இருக்கலாம். சீட்டுக்குக் கீழே பழுப்புப் பொடி கொட்டியிருந்தால், ஸ்பிரிங் மேல் இருக்கும் நார் மெத்தை உதிர்ந்து சீட் இறங்கியிருக்கிறது. சீட் தைப்பவரிடம் அதைப் புதுப்பித்தால் உயரமும் திரும்பும், முதுகுவலியும் குறையும். கிளட்ச் மிதிக்கச் சிரமம் என்றால் ஆட்டோமேட்டிக் கிடைக்கும்வரை காத்திருங்கள்.

லைசென்ஸ், இன்சூரன்ஸ்?

55 வயதுக்கு மேல் புதுப்பித்தால் லைசென்ஸ் ஐந்து வருடத்துக்கு மட்டும். படிவம் 1ஏ-வில் மருத்துவச் சான்று வேண்டும். 1,500 சிசிக்கு மேற்பட்ட காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் 2022-ல் 7,897 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. முழு இன்சூரன்ஸ் எடுத்தால், இவ்வளவு பழைய வண்டிக்கு மதிப்பு உங்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையே பேசித் தீர்மானிப்பதே. புகைப்படங்களும் பில்களும் அப்போது உதவும்.

டிக்கியில் என்னென்ன வைத்திருக்க வேண்டும்?

ஃபேன் பெல்ட் ஒன்று, மேல் ரேடியேட்டர் ஹோஸ் ஒன்று கிளிப்போடு, ஐந்து லிட்டர் டிஸ்டில்டு வாட்டர், ஒரு லிட்டர் என்ஜின் ஆயில், வெவ்வேறு ஆம்பியரில் ஃபியூஸ்கள், டார்ச், காற்றுள்ள ஸ்டெப்னி, ஜாக். பெட்ரோல் வண்டி என்றால் ஒரு செட் பிளக். ஃபியூஸ்களை வருடம் ஒருமுறை அதே இடத்தில் விரலால் சுற்றிவிட்டால் முனையில் படிந்த களிம்பு போகும். ஆக்டிங் டிரைவரை அழைக்கும் நாட்களுக்காக ஒரு அட்டையில் நான்கு வரி எழுதி டேஷ்போர்டில் வையுங்கள்: எந்த எரிபொருள், டயரில் எவ்வளவு காற்று, முள் 110-ஐத் தொட்டால் நிறுத்த வேண்டும், ஸ்டார்ட் செய்ததும் ரேஸ் செய்யக்கூடாது.